காருக்குச் சோதனை, மோட்டார் சைக்கிளுக்கு இல்லை: பழைய ஸ்போர்ட்ஸ் வண்டி தேடும் கூலாய் இளைஞர்கள்

கூலாய்: பழைய கார் ஒன்றின் பெயரை மாற்ற வேண்டுமென்றால், முதலில் அதை வாகனச் சோதனை மையத்திற்குக் கொண்டு போக வேண்டும். சேசிஸ் எண், இயந்திர எண், பிரேக், விளக்கு எல்லாவற்றையும் பார்த்துச் சான்று தந்த பிறகே சாலைப் போக்குவரத்து இலாகா (ஜேபிஜே) அடுத்த வேலையைத் தொடங்கும். தனியார் மோட்டார் சைக்கிளுக்கு அப்படியொரு சோதனை கட்டாயம் இல்லை. மணிக்கு 150 கிலோமீட்டரைச் சுலபமாகத் தாண்டும் 250 சிசி வண்டியாக இருந்தாலும், விற்பவரும் வாங்குபவரும் பெருவிரல் ரேகை வைத்து, காப்புறுதி எடுத்து, படிவம் கொடுத்தால் வேலை முடிந்தது. அந்த வண்டியின் முன்சக்கரம் நேராக இருக்கிறதா என்று அரசாங்கத் தரப்பில் யாரும் பார்ப்பதில்லை.

இந்த நாட்டில் பெரும்பாலான ஆண்டுகளில் சாலை விபத்துகளில் இறப்போர் 6,000 பேரைத் தாண்டுகின்றனர். அவர்களில் ஏறத்தாழ 10 பேருக்கு 6 பேர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். எல்லா மரணத்துக்கும் வண்டியின் பழுதே காரணம் என்று சொல்ல முடியாது. வேகம், சோர்வு, சாலைக் குழி, லாரி எனப் பல காரணங்கள் உண்டு. ஆனால், அதிகம் பேர் சாகும் வாகனத்துக்கு மட்டும் கைமாறும்போது சோதனை இல்லை என்பது யோசிக்க வேண்டிய விஷயம்.

கூலாயில் இது வெறும் கொள்கை விவாதம் அல்ல. கூலாய், செனாய், சாலேங், கெலாப்பா சாவிட், புக்கிட் பத்து, செடெனாக் வட்டாரத்தில் ரப்பரும் செம்பனையுமாக இருந்த நிலத்தில் இன்று தொழிற்சாலைகளும் தாமான்களும் நிற்கின்றன. இண்டாபுராவில் 2011-இல் பெரிய விற்பனை வளாகம் வந்தது. செடெனாக்கில் தரவு மையங்கள் எழுகின்றன. தோட்டத்து லயத்தில் பிறந்த பிள்ளைகளின் வேலையிடம் இப்போது 15, 20 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. ஷிப்ட் மாறும் நேரத்துக்குப் பேருந்து கிடையாது. சிங்கப்பூர் வேலைக்குப் போகிறவர்களுக்கோ ஜொகூர் பாருவுக்கு மட்டுமே 30 கிலோமீட்டர், பிறகு கடற்பாலம். மோட்டார் சைக்கிள் இங்கே ஆடம்பரம் இல்லை. அதே சமயம் 20 வயதுப் பையன் கப்சாய் வண்டியோடு நின்றுவிட விரும்புவதில்லை என்பதும் உண்மைதான். அப்பா ஹோண்டா சி70-இல் பால் வாளி கட்டிக்கொண்டு போனார் என்றால், மகனுக்கு நிஞ்ஜா வேண்டும். அந்த ஆசையைக் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை. 1990-களில் அப்பாக்களில் பலரும் யமஹா டிஸட்எம், ஹோண்டா என்எஸ்ஆர், கவாசாகி கேஆர் என்று டூ-ஸ்ட்ரோக் புகையில் மயங்கியவர்கள்தாம்.

இன்று பழைய வண்டிச் சந்தையில் அதிகம் கேட்கப்படுபவை கவாசாகி நிஞ்ஜா 250, யமஹா ஆர்25, ஹோண்டா சிபிஆர்250, கேடிஎம் ஆர்சி வகைகள், இவற்றுக்குக் கீழே ஆர்15. ஆர்25 மலேசியாவுக்கு 2015-இல் வந்தபோது விலை 20,000 ரிங்கிட்டைத் தாண்டியிருந்தது. பத்து ஆண்டு கழித்து அதே வண்டி பாதிக்கும் குறைவான விலைக்குக் கிடைக்கும்போது யாருக்கும் கை நீளத்தான் செய்யும். உரிமம் ஒரு வசதி. 250 சிசி வரை பி2 உரிமமே போதும். 400 சிசி நிஞ்ஜாவின் விலை இறங்கிவிட்டதே என்று பி2 உரிமத்தோடு வாங்குகிறவர்கள் மட்டும் வம்பை விலைக்கு வாங்குகிறார்கள். 250 சிசிக்கு மேல் போனால் உயர்ந்த வகுப்பு உரிமம் வேண்டும். உரிய உரிமம் இல்லாமல் ஓட்டி விபத்தில் சிக்கினால், காப்புறுதி நிறுவனம் இழப்பீட்டுக் கோரிக்கையை மறுக்க அதுவே காரணமாகிவிடும்.

விலை குறைவு என்பதையும் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். உதாரணத்துக்கு, 9,000 ரிங்கிட் வண்டிக்கு முழுக் கடன், ஆண்டுக்கு 10 விழுக்காடு நிலையான வட்டி, நான்கு ஆண்டு என்று வைத்துக்கொள்வோம். வட்டி மட்டும் 3,600. மொத்தம் 12,600. மாதம் 262 ரிங்கிட் 50 சென். 2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்ச சம்பளம் 1,700 ரிங்கிட். ஊழியர் சேமநிதி, சொக்சோ பிடித்தம் போக கையில் வருவது ஏறக்குறைய 1,500. அதில் ஆறில் ஒரு பங்குக்கும் மேல் தவணைக்கே போகிறது. பெட்ரோல், காப்புறுதி, டயர், செயின் இன்னும் இந்தக் கணக்கில் சேரவில்லை. கப்சாய் டயரின் விலையை மனத்தில் வைத்துக்கொண்டு 250 சிசி வண்டிக்கு டயர் வாங்கப் போகிறவர் கடை வாசலிலேயே திகைத்து நிற்பார். தவணை கட்டிவிட்டுப் பராமரிப்பை ஒத்திப் போடுவதுதான் வழக்கமாக நடக்கிறது. அப்படி ஒத்திப் போட்ட பழுதுகளோடுதான் அதே வண்டி அடுத்தவர் கைக்குப் போகிறது.

இதைவிடப் பெரிய வலை 'சம்புங் பாயார்'. தவணை கட்ட முடியாதவர், "தம்பி, ஆயிரம் குடு, மீதியை மாசா மாசம் நீயே கட்டிக்க" என்று வண்டியைக் கையில் கொடுத்துவிடுவார். பெயர் மாறாது. கடனும் பழையவர் பெயரிலேயே இருக்கும். கடன் நிறுவனத்தின் அனுமதி இல்லாமல் இப்படிக் கைமாற்றுவது 1967-ஆம் ஆண்டின் வாடகைக் கொள்முதல் சட்டத்துக்குப் புறம்பானது. புதியவர் ஒழுங்காகக் கட்டி வந்தாலும், அந்தப் பணம் உண்மையில் நிறுவனத்துக்குப் போகிறதா என்று அவருக்குத் தெரிய வழியில்லை. ஒருநாள் காலை வேலையிடத்து நிறுத்துமிடத்தில் வண்டி இருக்காது. இழுத்துக்கொண்டு போயிருப்பார்கள். போலீசில் புகார் கொடுக்கவும் அவர் வண்டியின் உரிமையாளர் அல்லர். மறுபக்கம், அவர் வாங்கிய சம்மன் எல்லாம் பழையவர் பெயருக்கு வந்து விழும். தெரிந்தவர், ஒரே தோட்டத்துக்காரர், சொந்தக்காரர் என்ற நம்பிக்கையில்தான் இவை அதிகம் நடக்கின்றன. பிறகு இரண்டு குடும்பமும் கோயில் திருவிழாவில்கூட முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

ஜொகூருக்கே உரிய இன்னொரு சிக்கலும் உண்டு. சிங்கப்பூரில் வாகன உரிமைச் சான்று பத்து ஆண்டுக்குத்தான். அதன் பின் புதுப்பிக்க வேண்டும், இல்லையென்றால் வண்டியை ஒழிக்க வேண்டும். அப்படி ஆயுள் முடிந்த வண்டிகளின் இயந்திரமும் பாகங்களும் எல்லைக்கு இந்தப் பக்கம் 'ஹாஃப்கட்' சரக்காக விலை போகின்றன. பாகமாக வாங்குவது வேறு. முழு வண்டியையும் 'கிராண்ட் இல்லை, தோட்டத்துக்குள்ளே மட்டும் ஓட்டிக்கலாம்' என்று மலிவாகத் தருவது வேறு. வரி கட்டாமல் உள்ளே வந்த வண்டி என்றால் 1967-ஆம் ஆண்டின் சுங்கச் சட்டம் குறுக்கே நிற்கும். இயந்திரம் மாற்றப்பட்டு, அது ஜேபிஜே பதிவில் ஏறவில்லை என்றால் கிராண்டில் உள்ள எண்ணும் வண்டியில் உள்ள எண்ணும் ஒத்துப் போகாது. சாலைத் தடுப்புச் சோதனையில் அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் அப்போது ஓட்டிக்கொண்டிருப்பவர்தான்.

ஆகவே, வண்டியை உதைத்துப் பார்க்கும் முன் காகிதத்தைப் பார்ப்பதே புத்திசாலித்தனம். விற்பவரின் கைப்பேசியில் மைஜேபிஜே செயலியைத் திறந்து காட்டச் சொல்லலாம். அந்த வண்டி அவர் பெயரில் இருந்தால் அதன் சாலை வரி விவரம் அதில் தெரியும். தெரியவில்லை என்றால், அவர் உரிமையாளர் அல்லர் என்ற எண்ணத்துடனேயே மேற்கொண்டு பேச வேண்டும். கடன் நிறுவனத்தின் உரிமைக் கோரிக்கை பதிவில் நின்றால் அது நீக்கப்படும் வரை பெயர் மாறாது. கட்டாத சம்மனால் கறுப்புப் பட்டியலில் இருந்தாலும் அப்படித்தான். உரிமையாளர் இறந்துவிட்ட வண்டியும் அவ்வப்போது விற்பனைக்கு வருகிறது. 'தம்பியோட வண்டி, அவன் இப்போ இல்லை' என்று வீட்டார் சொல்வார்கள். துக்க வீட்டில் கேள்வி கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும். ஆனால், நீதிமன்றமோ அமானா ராயாவோ வாரிசுரிமை விவகாரத்தை முடித்துக் கொடுக்காமல் அந்தப் பெயரை மாற்றுவது எளிதல்ல.

காகிதம் சரி, வண்டி? ஸ்போர்ட்ஸ் வண்டியை மதிப்பிடுவதில் ஒரு தனிச் சிரமம் இருக்கிறது. கப்சாயில் இயந்திரமும் சட்டமும் ஓரளவு கண்ணுக்குத் தெரியும். ஸ்போர்ட்ஸ் வண்டியில் கவர்செட் எல்லாவற்றையும் மூடிவிடும். புதுக் கவர்செட் ஒன்றை மாட்டினால் விழுந்து புரண்ட வண்டியும் கடையில் நின்ற வண்டி போல ஆகிவிடும். பத்து வயது வண்டியின் கவர் மட்டும் பளபளவென்று இருந்தால் மகிழ்ச்சியடைய வேண்டியதில்லை, சந்தேகப்பட வேண்டும். கவர் மறைத்தாலும் சில இடங்கள் பொய் சொல்லாது. ஹேண்டிலின் இரு முனைக் கட்டைகள், பிரேக் லீவரின் நுனி, கால் மிதியின் விளிம்பு, இயந்திரத்தின் பக்க மூடி ஆகியவற்றில் உரசல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு ஹேண்டிலை இடவலமாக முழுவதும் திருப்பினால், அது சட்டத்தின் கழுத்தில் உள்ள ஒரு சிறு இரும்புத் தடுப்பில் முட்டி நிற்கும். அந்தத் தடுப்பு நசுங்கியிருந்தாலோ, உடைந்து வெல்டிங் வைத்திருந்தாலோ, அந்த வண்டி பலமாக மோதியிருக்கிறது என்று பொருள். விலை எவ்வளவு குறைந்தாலும் அங்கேயே நன்றி சொல்லிவிட்டு வந்துவிடலாம்.

முன் ஃபோர்க் வளைந்திருப்பது இரண்டாவது பெரிய பழுது. வண்டிக்கு எதிரே சில அடி தள்ளிக் குந்தி உட்கார்ந்து பார்த்தால் இரண்டு குழாய்களும் இணையாக இருக்கின்றனவா என்று தெரியும். ஓட்டும்போது நேர்ச்சாலையில் ஹேண்டில் ஒரு பக்கம் இழுத்தால் ஃபோர்க், சட்டம், பின்சக்கர வரிசை மூன்றில் ஒன்று கோணலாக இருக்கலாம். பழைய போமன்கள் இதற்கு ஒரு நூலைப் பின்சக்கரத்திலிருந்து முன்சக்கரம் வரை இழுத்துப் பிடித்துப் பார்ப்பார்கள். மலிவான சோதனை, ஆனால் நம்பகமானது. ஃபோர்க் குழாயில் எண்ணெய்க் கசிவு இருந்தால் சீல் போயிருக்கிறது. அதை மாற்றிவிடலாம், அதற்காக வண்டியை ஒதுக்க வேண்டியதில்லை. விலையைக் குறைக்க மட்டும் பயன்படுத்திக்கொள்ளலாம்.

கூலாய் வட்டாரத்தில் இயந்திரத்தைப் பார்க்கும்போது ஒரு கேள்வி அவசியம்: இந்த வண்டி தினமும் சிங்கப்பூர் போய் வந்ததா? மீட்டரில் கிலோமீட்டர் குறைவாகவே இருக்கலாம். ஆனால் கடற்பாலத்து நெரிசலில் முதல் கியரில் அங்குலம் அங்குலமாக நகர்ந்த நேரத்தை மீட்டர் கணக்கில் எடுப்பதில்லை. முழுக் கவர் போட்ட வண்டிக்கு வேகமாக ஓடும்போதுதான் ரேடியேட்டருக்குக் காற்று கிடைக்கும். நிற்கும்போது விசிறி மட்டுமே துணை. கிளட்சை அரைகுறையாகப் பிடித்துக்கொண்டே நகர்வதால் கிளட்ச் தட்டுகளும் தேய்ந்து போகும். எனவே, இயந்திரத்தைப் போட்டுப் பத்து நிமிடம் நிறுத்தி வைத்துப் பார்க்க வேண்டும். வெப்பம் ஏறியதும் விசிறி சுழல வேண்டும், சிறிது நேரத்தில் தானாக நிற்க வேண்டும். இயந்திரம் ஆறிய பிறகு கூலன்ட் மூடியைத் திறந்தால் துருநிறத் தண்ணீர் தெரிந்தால், யாரோ குழாய்த் தண்ணீரை ஊற்றி ஓட்டியிருக்கிறார்கள். கிளட்சைச் சோதிக்க, நான்காவது கியரில் மிதமான வேகத்தில் போகும்போது திராட்டலைச் சட்டென்று முறுக்க வேண்டும். முள் மட்டும் ஏறி வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் வழுக்குகிறது.

விற்பவர்கள் செய்யும் ஒரு சிறு தந்திரம், ஆள் வருவதற்கு முன்பே இயந்திரத்தைச் சூடாக்கி வைப்பது. ஆறியிருக்கும் இயந்திரத்தைத் தொட்டுப் பார்த்த பிறகே ஸ்டார்ட் செய்யச் சொல்ல வேண்டும். குளிர்ந்த நிலையில் 'டக டக' என்று ஒலித்துச் சற்று நேரத்தில் அடங்கும் சத்தம் பெரும்பாலும் கேம் செயின் டென்ஷனரிலிருந்து வரும். அடங்காமல் தொடர்ந்தால் செலவு காத்திருக்கிறது. நீலப் புகை என்றால் எண்ணெய் எரிகிறது. பழைய டூ-ஸ்ட்ரோக் வண்டிக்கு மட்டும் இந்தக் கணக்குப் பொருந்தாது, அது புகைவதற்கென்றே பிறந்தது. வால்வு இடைவெளியைச் சரிபார்க்கும் வேலையைப் பெரும்பாலோர் தவிர்த்து விடுகின்றனர். டேங்க், கவர் எல்லாம் கழற்ற வேண்டும், கூலி அதிகம். கடைசியாக எப்போது செய்தது என்று கேட்டுப் பார்த்தால், பதிலைவிட விற்பவரின் முகமே நிறையச் சொல்லும்.

மின்சாரப் பழுது இந்த வண்டிகளில் ஓயாத தலைவலி. மத்தியானம் தவறாமல் கொட்டும் மழையும் தோட்டத்துச் செம்மண் சேறும் வயர் இணைப்புகளுக்குள் புகுந்து பச்சை பூக்க வைக்கும். பேட்டரியை மாற்றியும் மாற்றியும் வண்டி நின்று போகிறது என்றால் குற்றம் பேட்டரியில் இல்லை. 20, 30 ரிங்கிட் மல்டிமீட்டர் ஒன்று போதும். இயந்திரம் நிற்கும்போது பேட்டரியில் 12.5 வோல்ட் அளவில் இருக்க வேண்டும். ஸ்டார்ட் செய்து சற்று முறுக்கினால் 13.5 முதல் 14.5 வரை ஏற வேண்டும். 13-ஐத் தொடவில்லை என்றால் மின்சாரம் ஏறவில்லை. 15-ஐத் தாண்டினால் ரெக்டிஃபையர் பழுது, அது பேட்டரியையும் விளக்கையும் சேர்த்துத் தின்றுவிடும்.

டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் தயாரானது. பள்ளம் நிறைய இருக்கிறதே என்று ஏமாறக் கூடாது. பல ஆண்டு வெயிலில் நின்ற ரப்பர் மழைச் சாலையில் பிடிக்காது.

தொழிற்சாலையிலேயே பிறந்த குறைகளும் உண்டு. யமஹாவின் ஆர்3, ஆர்25 குடும்பத்தின் தொடக்கத் தயாரிப்புகள் எண்ணெய் பம்பு, கிளட்ச் தொடர்பான குறைகளுக்காகப் பல நாடுகளில் திரும்ப அழைக்கப்பட்டன. இது நிறுவனமே ஒப்புக்கொண்டு இலவசமாகச் செய்து தரும் வேலை. முதல் உரிமையாளர் அந்த அழைப்பைப் பொருட்படுத்தினாரா என்பதுதான் கேள்வி. சேசிஸ் எண்ணைக் கொண்டு அதிகாரத்துவ விற்பனையாளரிடம் விசாரித்தால் தெரிந்துவிடும். பழைய வண்டி வாங்குவோரில் இதைக் கேட்கிறவர்கள் மிகச் சிலரே.

இப்போது பிரேக். 150 சிசியும் அதற்கு மேலும் உள்ள புதிய மோட்டார் சைக்கிள்களுக்கு 2025 ஜனவரி முதல் ஏபிஎஸ் பிரேக் கட்டாயம் என்று போக்குவரத்து அமைச்சு அறிவித்தது. திடீரென்று அழுத்தினாலும் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்காமல் தடுக்கும் அமைப்பு அது. நல்ல முடிவு. ஆனால் இது புதிய வண்டிக்குத்தான். இதன் மறைமுக விளைவு என்ன? ஏபிஎஸ் உள்ள வண்டியின் மதிப்பு நிற்கும், இல்லாத வண்டியின் விலை மேலும் இறங்கும். விலை இறங்க இறங்க அது யார் கைக்கு வரும் என்பது சொல்லாமலே விளங்கும். பாதுகாப்பு குறைந்த, ஆனால் வேகம் குறையாத வண்டிகள் குறைந்த சம்பளக்காரர்களிடமே வந்து சேரப் போகின்றன. புதிய வண்டிக்கு விதி போடுகிற அமைச்சு, ஏற்கெனவே சாலையில் இருக்கும் வண்டி கைமாறும் நேரத்தையும் கவனித்திருக்க வேண்டும்.

மோட்டார் சைக்கிளுக்கும் சோதனை வேண்டும் என்றால் எதிர்ப்பு வரும். அதில் நியாயமும் இருக்கிறது. ஆயிரம் ரிங்கிட் பெறுமானமுள்ள கப்சாயை வாங்கும் தோட்டத் தொழிலாளி, வேலைக்கு விடுப்புப் போட்டுச் சோதனை மையத்தில் வரிசையில் நிற்க வேண்டுமா? நாட்டில் மோட்டார் சைக்கிள்கள் கோடிக்கணக்கில் இருக்கின்றன. எல்லாவற்றையும் சோதிக்கக் கிளம்பினால் மையங்கள் திணறும். 1994 முதல் முப்பது ஆண்டுகள் இந்த வேலை புஸ்பாகோம் என்ற ஒரே நிறுவனத்தின் கையில் இருந்தது. அந்தத் தனியுரிமை 2024-இல் முடிவுக்கு வந்து, மற்ற நிறுவனங்களுக்கும் கதவு திறக்கப்பட்டிருக்கிறது. மையங்கள் பெருகும் இந்த நேரத்தில், 200 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு மட்டுமாவது பெயர் மாற்றத்தின்போது சட்டம், ஃபோர்க், பிரேக், எண்கள் ஆகிய நான்கையும் பார்க்கும் சுருக்கமான சோதனை ஒன்றைக் கொண்டுவருவது நடக்காத காரியம் அல்ல. கப்சாய்க்காரருக்கு அதனால் சுமையும் இல்லை.

அதுவரை ஏமாந்தவர் எங்கே போவது? பழுதான வாகனத்தை மாற்றித் தரக் கட்டாயப்படுத்தும் தனிச் சட்டம் இங்கே இன்னும் இல்லை. கடையில் வாங்கியவருக்கு 1999-ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் துணை நிற்கிறது. பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்ற உத்தரவாதம் பழைய பொருளுக்கும் பொருந்தும். அதன் வயதையும் விலையையும் கருத்தில் கொண்டு அந்தத் தரம் அளக்கப்படும். 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்று ரசீதில் அச்சடித்திருப்பதால் மட்டும் அந்த உரிமை போய்விடாது. பயனீட்டாளர் உரிமைக் கோரல் நடுவர் மன்றத்தில் 5 ரிங்கிட் கட்டணத்தில் மனு போடலாம். 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையை அது விசாரிக்கும், வழக்கறிஞர் தேவையில்லை, மூன்று ஆண்டுக்குள் செய்ய வேண்டும்.

தனியாளிடமிருந்து வாங்கியவருக்கு அந்த வழி கிடையாது. நடுவர் மன்றம் வியாபாரிக்கு எதிரான கோரிக்கையைத்தான் எடுக்கும். அவருக்கு எஞ்சியிருப்பது மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் சிறு கோரிக்கை வழக்கு, அதன் வரம்பு 5,000 ரிங்கிட். அங்கே போனால் முதலில் கேட்கப்படுவது எழுத்துச் சான்று. 'ஒரே ஓனர், விழுந்ததே இல்லை, எஞ்சின் திறக்கவே இல்லைண்ணே' என்று விற்பவர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய வாக்கியங்களை அழிக்காமல் வைத்திருப்பதும், பணத்தைக் கையில் எண்ணிக் கொடுக்காமல் வங்கி வழி அனுப்புவதும் அப்போதுதான் உதவிக்கு வரும்.